கோக்கர்பூம் வளர்க்கப் போய் நான் பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவில் 9,500 ராண்ட் கொடுத்து வாங்கிய கோக்கர்பூம் மரம் பதினொரே மாதத்தில் விழுந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த வண்டி வாடகை 1,200. குழி வெட்டிய கூலியும் வாங்கிய மண்ணும் உரமும் சேர்த்து 1,800. கடைசி நேரத்தில் காப்பாற்றப் பார்த்து மருந்துக்குப் போட்டது 700. மொத்தம் 13,200 ராண்ட். பணம் போனதாவது கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. ஆறாமல் இருப்பது வேறு. அந்த மரம் பல மாதங்களுக்கு முன்பே அடியில் அழுக ஆரம்பித்திருக்கிறது. நானோ தினமும் காலையில் காபி டம்ளரோடு அதன் பக்கத்தில் போய் நின்று, எவ்வளவு நன்றாகப் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போயிருக்கிறேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்பதை அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்த மரத்தின் மேல் ஆசைப்படும் இன்னொருவருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து நாலைந்து வருடம் அடுக்குமாடியில் இருந்த பிறகு, தோட்டம் வைத்த ஒரு வீட்டுக்கு மாறினோம். அதற்கு முன்பே கேப் பக்கம் சுற்றப் போனபோது வூஸ்டரில் உள்ள கரூ பாலைவனத் தாவரவியல் பூங்காவில் கோக்கர்பூமைப் பார்த்துவிட்டேன். பார்த்த நாளிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. கற்றாழையின் சொந்தக்காரன்தான் அது, ஆனால் மரமாக நிற்கும். அடிமரம் பெருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரிந்து, அதுவும் இரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு கற்றாழைக் கொத்து. கிளைகளின் மேல் வெள்ளை மாவு பூசினாற்போல் இருக்கும். கொளுத்தும் வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு. அடிப்பட்டை பனங்கற்கண்டு நிறத்தில், ஓரம் கத்திபோல் கூராக, செதில் செதிலாக வெடித்திருக்கும். காட்டில் ஏழு, எட்டு மீட்டர்வரை வளரும். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு மனித ஆயுள் போதாது, அவ்வளவு மெதுவாக வளரும் மரம்.

இங்கே பேசும் ஆப்ரிக்கான்ஸ் மொழியில் 'கோக்கர்' என்றால் அம்பறாத்தூணி, 'பூம்' என்றால் மரம். சான் என்னும் வேட்டைப் பழங்குடி மக்கள் இதன் கிளையை வெட்டி, உள்ளே நெட்டி மாதிரி இருக்கும் சதையை நீக்கிவிட்டு, வெளிக்கூட்டை அம்பு வைக்கும் தூணியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1685இல் டச்சுக்காரர்களின் கேப் குடியேற்றத்துக்குத் தலைவராக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல், செம்புமலை தேடி, நாட்டின் வடமேற்கே வறண்டு கிடக்கும் நமக்வாலந்துக்குப் போன பயணத்திலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. தாவரவியல் பெயரைச் சொல்லி வைப்பதில் ஒரு காரியம் இருக்கிறது. நீண்ட காலம் இது அலோ டைக்கோட்டோமா என்றே இருந்தது. 2013இல் மரக் கற்றாழைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து அலோயிடென்ட்ரான் டைக்கோட்டோமம் என்று மாற்றினார்கள். விதைப் பட்டியல்களில் இன்னமும் பழைய பெயரும் ஓடுகிறது, புதுப் பெயரும் ஓடுகிறது. இரண்டும் ஒன்றே. நான் இரண்டு வேறு செடி என்று நினைத்துக் கொஞ்ச நாள் குழம்பினேன்.

2021 செப்டம்பர். தெரிந்தவர் ஒருவர் மூலமாக, பெரிய கோக்கர்பூம் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று தகவல் வந்தது. சின்னச் செடி வைத்து முப்பது வருடம் காத்திருக்க எனக்கு மனமில்லை. நாளைக்கே தோட்டத்தில் மரமாக நிற்க வேண்டும் என்ற ஆசை. போய்ப் பார்த்தால் என் உயரத்துக்கு, உச்சியில் நான்கு தலைகளோடு நின்றது. அடியைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். வேரைப் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 'ஒரு பண்ணையில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து எடுத்தது' என்றார் விற்றவர். சரி என்று தலையாட்டினேன். அனுமதிச்சீட்டு என்ற சொல்லே அன்று என் வாயில் வரவில்லை. ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். ரசீதும் கிடையாது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வாங்கும் இடத்திலேயே வேரைப் பாருங்கள். நர்சரியில் தொட்டியில் வளர்ந்த செடியென்றால், தொட்டியின் வடிவத்துக்கு வேர் வளைந்து சுற்றியிருக்கும், மெல்லிய வேர்கள் நிறைய இருக்கும். காட்டிலிருந்து தோண்டியதென்றால் மண்வெட்டியால் வெட்டுப்பட்ட தடித்த குட்டை வேர்கள்தான் இருக்கும். பட்டையில் ஒரு பக்கம் கல் உரசிய தழும்பு, வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம், தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்த வளைவு, இவையெல்லாம் அது பாறை நடுவே பல காலம் நின்றதற்கு அடையாளம். என் மரத்தில் இத்தனையும் இருந்தன. அந்தத் தழும்புகளை நான் அழகு என்று ரசித்தேன்.

நட்ட விதத்தில் செய்த தப்புகளுக்கு மூலகாரணம், நான் ஒரு தென்னந்தோப்புக்காரன் வீட்டுப் பிள்ளை என்பது. மரம் நடுவது என்றால் எங்களுக்கு ஒரே முறைதான். மூன்றடிக்கு மூன்றடி குழி, அடியில் தொழு உரம், சுற்றி வட்டப் பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். தென்னம்பிள்ளைக்கு அது சரி. இதற்கும் அதையே செய்தேன். எங்கள் தோட்டத்து மண் கெட்டிச் செம்மண். களிமண்ணில் ஆழக் குழி வெட்டி அதில் மட்டும் பொலபொலவென்று உரமண்ணை நிரப்பினால், பெய்கிற மழையெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேற வழி இருக்காது. மரத்தைக் கொண்டுபோய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நட்டதற்குச் சமம். ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டையும், முன்பு மண் இருந்த மட்டத்தைக் காட்டும் பழைய மண்கோட்டுக்கு மேலே அரையடி புதைத்தேன். வெட்டுப்பட்ட வேர்க்காயம் காய்வதற்கு ஒரு நாள்கூட விடவில்லை. நட்ட கையோடு இரண்டு வாளி தண்ணீர் விட்டேன்.

இன்னொன்று, திசை. வீட்டுக்குத் தெற்கே இடம் காலியாக இருந்தது, அங்கே நட்டேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது என்பது படித்த விஷயம்தான், ஆனால் உடம்பில் ஊறவில்லை. ஜூன், ஜூலையில் வீட்டின் நிழல் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இந்த நாட்டில் வெயில் கேட்கும் எந்தச் செடியையும் வீட்டுக்கு வடக்கே வையுங்கள். வடக்குப் பார்த்த சுவர் இருந்தால் இன்னும் நல்லது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும், உறைபனி இரவில் அது பெரிய துணை.

நட்ட அடுத்த மாதமே மழைக்காலம். கேப்டவுன் பக்கம் மழை குளிர்காலத்தில், ஜோகன்னஸ்பர்க்கில் கோடையில். அக்டோபர் கடைசியில் தொடங்கினால் மாலைதோறும் இடியும் மின்னலுமாகக் கொட்டும், இடையில் ஆலங்கட்டியும் விழும். சாதாரண வருடத்திலேயே இங்கே 700 மில்லிமீட்டரைச் சுற்றி மழை. கோக்கர்பூம் வளரும் நமக்வாலந்திலும் நமீபியாவின் தெற்கிலும் வருடம் முழுக்கச் சேர்த்தால்கூட 200 மில்லிமீட்டர் தேறுவது அரிது. இதில் 2021-22 கோடை லா நினா கோடை, வழக்கத்தைவிட அதிக மழை. இதெல்லாம் போதாது என்று, புல்தரைக்கு வைத்த தண்ணீர்த் தெளிப்பானும் வாரம் இரண்டு தடவை அந்தப் பாத்தியை நனைத்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் மரம் அருமையாக இருந்தது. இலைகள் கொழுகொழுவென்று நிமிர்ந்து நின்றன. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். 'கத்தாழைக்கு எதுக்குடா பாத்தி? ஓட்டு மேல தூக்கிப் போட்டாலே வளருமே' என்று கேட்டார். 'இது சாதாரணக் கற்றாழை இல்லம்மா, மரம்' என்று விளக்கம் சொன்னேன். அம்மா சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கி, பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஜனவரிதான் அது கைமீறிப்போன மாதம் என்று இப்போது கணக்குப் போட்டால் தோன்றுகிறது.

மார்ச்சுக்குப் பிறகு மழை ஓய்ந்தது, குளிர் வந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் நான்கு தலைகளில் இரண்டில் பூந்தண்டு தலைநீட்டியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் கிளைவிட்ட பூங்கொத்து, நல்ல எலுமிச்சை மஞ்சளில், குழல் பூக்கள். தேன்சிட்டுகள் வர ஆரம்பித்தன. படம் எடுத்துத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். 'நட்ட முதல் வருடமே பூத்துவிட்டது' என்று எழுதினேன். பெருமையாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. வேர் பிடித்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கக் குனிந்தவன், அடிமரத்தில் மண்ணை ஒட்டிய இடத்தில் பட்டை கொஞ்சம் கறுத்து, ஈரம் கசிந்ததுபோல் இருந்ததைக் கவனித்தேன். கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால் தேநீர் நிறத்தில் நீர், ஊறவைத்து மறந்துபோன அரிசிபோல் ஒரு புளித்த வாடை. பதறிப்போய்த் தண்டை இரண்டு கையாலும் பிடித்தேன். தள்ளக்கூட இல்லை, பிடித்த வேகத்திலேயே மரம் மெதுவாகச் சாய்ந்து வந்து என் தோளில் படுத்தது. அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. நார் மட்டும் ஈரக் கயிறுபோல் தொங்கியது. மேலே இலைகள் அப்போதும் பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தன. அதைத் தோளில் தாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பது பிற்பாடு புரிந்தது. இந்த மரத்தின் தண்டு முழுக்கத் தண்ணீர்ச் சேமிப்பு. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும், ஆகவே தண்ணீர் செலவாவது மிகக் குறைவு. வேரே இல்லாவிட்டாலும் தண்டில் இருப்பதை வைத்துப் பல மாதம் பச்சையாக நிற்க அதற்கு முடியும். அந்தச் சேமிப்பிலிருந்தே பூத்தும் காட்டும். இலையைப் பார்த்து இதன் உடல்நிலையைச் சொல்லவே முடியாது. அடியைத்தான் பார்க்க வேண்டும். இப்போது எந்தச் சதைப்பற்றுச் செடியானாலும் நான் செய்வது இவ்வளவுதான். மாதம் ஒரு முறை மண்ணை ஒட்டிய பட்டையைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன், கல்போல் இருக்க வேண்டும். தண்டை லேசாக அசைத்துப் பார்க்கிறேன். நட்டு ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆடினால் வேர் விடவில்லை என்று அர்த்தம். அப்புறம், நடுக்குருத்துக்கு அடுத்த இலையில் ஒரு நூல் கட்டி வைக்கிறேன். இரண்டு மூன்று மாதத்தில் நூலுக்கு மேலே புது இலை வந்திருந்தால் செடி வளர்கிறது. கோக்கர்பூமுக்கு நூல் கட்ட வேண்டியது வெயில் தணிந்த பிறகு. கொதிக்கும் கோடையில் நல்ல செடியும் சும்மா இருக்கும்.

அன்று சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இங்கே ஆப்ரிக்கான்ஸ் பேசும் ஆப்ரிக்கானர்களில் வயதில் மூத்தவர்களை 'ஊம்' என்று கூப்பிடுவார்கள், நம் 'மாமா' மாதிரி. அதுவரை அவரோடு எனக்கு வணக்கம் சொல்லும் பழக்கம் மட்டும்தான். அவர் பிறந்து வளர்ந்தது ஸ்பிரிங்பாக் பக்கம், கோக்கர்பூம் நாட்டிலேயே என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரம்பத்தோடு வந்தார். அழுகல் எதுவரை ஏறியிருக்கிறது என்று கீழேயிருந்து ஒரு சாண் ஒரு சாணாக அறுத்துப் பார்த்தோம். சதை வெளுப்பாக, உலர்ந்த பஞ்சுபோல் இருந்தால் நல்லது; பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அதற்கும் மேலே அறுக்க வேண்டும். கடைசியில் இரண்டு தலைகள் மட்டும் சுத்தமாகக் கிடைத்தன. வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லி தடவி, நிழலில் ஆறு வாரம் காயவிட்டு மணலில் நட்டேன். ஒன்றும் வேர்விடவில்லை. இந்த மரத்தைப் போத்து வைத்து, அதாவது கிளையை வெட்டி நட்டு, வளர்ப்பது மிகக் கடினம், விதைதான் வழி என்று ஊம் அன்றே சொன்னார். எனக்குத்தான் விட மனமில்லை.

போவதற்கு முன் அந்த வேர்க்கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது நர்சரி மரம் இல்லையப்பா. மலையிலிருந்து பிடுங்கியது. நீயும் நானும் பிறப்பதற்கு முன்னால் முளைத்ததாகக்கூட இருக்கும்' என்றார். குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. அப்புறம் உட்கார்ந்து படித்தேன். வட கேப் மாகாணத்தில் இது சட்டம் காக்கும் மரம். 2009ஆம் ஆண்டின் மாகாண இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் காட்டிலிருந்து எடுப்பதோ விற்பதோ ஏற்றிச் செல்வதோ குற்றம். வாங்குகிறவனும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். சில வருடங்களாக நமக்வாலந்து, ரிக்டர்ஸ்வெல்ட் பக்கம் சதைப்பற்றுச் செடிகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்பது மிகவும் கூடியிருக்கிறது. கோக்கர்பூமுக்கு ஏற்கெனவே வறட்சியும் வெப்பமும் பெரிய அடி. அதன் எல்லையின் வடபகுதியில், பூமத்திய ரேகையை நெருங்கிய இடங்களில், மரங்கள் அதிகமாகச் சாகின்றன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் ஆசைக்கு வாங்கி, பாத்தி கட்டிக் கொன்றிருக்கிறேன். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. தயவுசெய்து, எங்கே வளர்ந்தது என்று எழுத்தில் கேளுங்கள், அனுமதிச்சீட்டின் நகலும் ரசீதும் கேளுங்கள். நேர்மையான நர்சரிக்காரர் கேட்டவுடன் தந்துவிடுவார், பெருமையாகவே தருவார். 'பண்ணையில் வீடு கட்டுகிறார்கள்' என்று யாராவது ஆரம்பித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த வருடம், 2023 ஆகஸ்டில், பூக்காலம் பார்க்க வட கேப்பில் உள்ள நியூவூட்வில் என்ற ஊருக்குப் போனோம். அங்கிருந்து லூரிஸ்பொன்டைன் போகும் சாலையில் கன்னபோஸ் என்ற பண்ணை நிலத்தில் கோக்கர்பூம் காடு இருக்கிறது. நமீபியாவில் கீட்மன்ஸ்ஹூப் அருகே இருப்பதுதான் பிரபலம், 1955இலேயே அதைத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். கன்னபோஸ் அவ்வளவு பேர் பெற்றதில்லை. போய் நின்றதும் நான் முதலில் பார்த்தது மரத்தை இல்லை, காலடியை. கறுத்த பாறைச் சரிவு. பாறை இடுக்குகளில்தான் மரங்கள் நிற்கின்றன. மண் என்று சொல்ல ஒரு கைப்பிடிகூடத் தேறாது. மழை பெய்தால் அடுத்த நிமிடம் சரிவில் ஓடிவிடும், இடுக்கில் நனைந்தது மட்டும் மிச்சம். வேர் ஆழமாகப் போகவில்லை, பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பரவியிருந்தது. ஒரு மரத்தடியில், மழையில் மண் அரிந்துபோய், வேர்கள் கல்லின் மேல் விரித்த கைவிரல்போல் வெளியே தெரிந்தன. என் மூன்றடிக் குழி ஞாபகத்துக்கு வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் தோட்டத்தில் வடக்குப் பார்த்த சுவரை ஒட்டிக் கல்மேடு ஒன்று போட்டேன். கெட்டிமண்ணில் குழியே வெட்டாமல், தரைக்கு மேல் அரை மீட்டர் உயரத்துக்கு உடைத்த ஜல்லியும் பருமணலும் முக்கால் பங்கு, தோட்டமண் கால் பங்கு, உரம் ஒரு பிடிகூட இல்லை. இடையிடையே பெரிய கற்கள். சரிந்த பக்கம் வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். ஒரு வாளி தண்ணீரை மேட்டின் உச்சியில் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் வாளியைக் கீழே வைப்பதற்குள் மறைந்துவிட வேண்டும், தேங்கி நின்றால் இன்னும் ஜல்லி போடுங்கள். பெரிய செடியாக, முறைப்படி நர்சரியிலேயே வாங்கினாலும், வேரில் காயம் இருந்தால் நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு நடுங்கள். பழைய மண்கோடு எங்கே இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். ஆடாமல் இருக்கக் கல் வைத்துக் கட்டலாமே தவிர, தண்டைப் புதைக்க வேண்டாம். நட்டபின் இரண்டு மூன்று வாரத்துக்குத் தண்ணீர்க் குழாய் பக்கமே போகாதீர்கள்.

அந்த மேட்டில் இன்னும் கோக்கர்பூம் ஏறவில்லை. அது தொட்டியில் இருக்கிறது. மரம் விழுந்த அதே வருடம் அக்டோபரில், வளர்த்த மரத்தில் எடுத்த விதை என்று எழுதித் தந்த நர்சரியில் பத்து விதை வாங்கினேன். அகலத் தட்டில் சலித்த மணலும் மெல்லிய ஜல்லியும் போட்டு, விதைகளை மேலாகத் தூவி, மூடியும் மூடாமலும் மணல் தூவினேன். இரண்டு வாரத்தில் ஏழு முளைத்தன. புல்லின் முளைபோல் ஒற்றைப் பச்சை ஊசி. முதல் மாதம் மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காகத் தேங்கவும் விடக்கூடாது. நான் மூன்றாவது வாரம் கண்ணாடி மூடியைத் திறந்துவிட மறந்தேன், நாற்றழுகலில் மூன்று போய்விட்டன. மிச்சம் நான்கு. பெரிய மரத்தில் இலைகள் சுழலாகத்தான் இருக்கும். கன்றில் அப்படியில்லை, அடுக்கி வைத்த புத்தகம்போல் நேர் வரிசையாக நிற்கும். இது கோக்கர்பூம்தானா என்று சந்தேகப்பட வேண்டாம்.

கன்றுகளைக் கூரைச் சார்ப்புக்கு அடியில், வடக்கு வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். கோடை மழை மேலே விழாது. தண்ணீர், கோடையில் மண் அடிவரை காய்ந்த பிறகு ஒரு முறை. ஏப்ரல், மே மாதங்களில் வளரும்போது கொஞ்சம் தாராளமாக. ஜூன், ஜூலையில் உறைபனிக்கு முன் நிறுத்திவிடுவேன். உறைபனி எச்சரிக்கை வந்தால் வெள்ளை உறைபனித் துணி போட்டு மூட வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், இலை அதில் ஒட்டிய இடம் வெந்ததுபோல் கறுத்துவிடும். செடி காய்ந்த மண்ணில் இருந்தால் குளிரை ஓரளவு தாங்கிவிடுகிறது, நனைந்த மண்ணில் இருந்தால் தாங்குவதில்லை. பூச்சியில் வெள்ளைச் செதில்பூச்சி வரும், பழைய பல்துலக்கியில் சோப்புநீர் தொட்டுத் தேய்த்தால் போதும். பயப்பட வேண்டியது கூன்வண்டுக்கு. தென்னையில் சிவப்புக் கூன்வண்டு செய்யும் அதே வேலை. வண்டு முட்டையிட்டுப் போய்விடும், புழு தண்டுக்குள் இருந்து தின்னும், குருத்தைத் தொட்டால் கையோடு வரும். இலையில் வட்டமாக ஊசிக் குத்துகள் தெரிந்தால் அன்று இரவே டார்ச் எடுத்துக்கொண்டு போய் வண்டைத் தேடுங்கள், இருட்டில்தான் வெளியே வரும்.

ஜோகன்னஸ்பர்க், டர்பன் மாதிரிக் கோடைமழை ஊர்களில் இருந்துகொண்டு, எனக்குத் தரையில், சீக்கிரமாக, மரமாகவே வேண்டும் என்பவர்களுக்கு நான் கோக்கர்பூமைச் சொல்லவே மாட்டேன். அதன் அக்கா ஒருத்தி இருக்கிறாள், அலோயிடென்ட்ரான் பார்பரே. கிழக்குக் கேப்பிலிருந்து குவாசுலு-நட்டால் வழியாக மொசாம்பிக்வரை, கோடைமழைப் பகுதியிலேயே வளர்பவள். காட்டில் 18 மீட்டர்வரை போவாள். இவள் போத்து வைத்தாலே வருவாள். ஊம் தன் மரத்திலிருந்து கை நீளக் கிளை ஒன்று வெட்டித் தந்தார், மூன்று வாரம் காயவிட்டுக் கல்மேட்டில் சொருகினேன். இரண்டே வருடத்தில் என் மார்பு உயரம். குளிர்காலத்தில் முதல் ஒன்றிரண்டு வருடம் மட்டும் குருத்துக்குத் துணி போட்டேன். ஒரே எச்சரிக்கை, அடிமரம் யானைக்கால்போல் பருக்கும். சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள். நான் சுவருக்கு ஒன்றரை மீட்டரில் வைத்துவிட்டு, வருகிற மார்ச்சில் அவளை நகர்த்த வேண்டியிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விழுந்த மரத்தின் நடுத்துண்டு ஒன்றை எறிய மனம் வராமல் வராந்தாவில் வைத்திருந்தேன். மூன்று வருடத்தில் உள்ளே இருந்த நெட்டியெல்லாம் தூளாக உதிர்ந்து, பட்டைக்கூடு மட்டும் உருளையாக நிற்கிறது. கையில் எடுத்தால் எடையே இல்லை. அதற்குப் பக்கத்தில்தான் நான்கு கன்றுகளின் தொட்டிகளும். நேற்று அளந்து பார்த்தேன். பெரியது 19 செ.மீ., சின்னது 13.